அம்மாவுக்கு மட்டும் காட்ட வந்த பல்

கேள்வி: எனக்கு எட்டு வயதில் ஒரு மகளும் இரண்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகள் பிறந்த நாளிலிருந்தே அவளுடைய படங்களையும் காணொளிகளையும் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்து வருகிறேன். உறவினர், நண்பர் என்று தொடங்கிய வட்டத்தில் இப்போது முன்பின் அறியாதவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். போன வாரம், ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததும் மகள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். நான் வழக்கம்போல் "இரு, இரு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்கப் போனேன். எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். "உனக்குக் காட்டத்தாம்மா வந்தேன், எல்லாருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை. கணக்கையே மூடிவிடு என்கிறார் கணவர். ஆனால், மகள் பிறந்த புதிதில் நான் இரவெல்லாம் விழித்துக் கிடந்தபோது எனக்குத் துணையாக இருந்தவர்கள் இணையத்தில் கிடைத்த தாய்மார்கள்தாம். அவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார்கள், நான் மட்டும் தவறுகிறேன் என்று இப்போது தோன்றுகிறது. நான் கெட்ட தாயா? இதுவரை பகிர்ந்தவற்றை என்ன செய்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது உங்கள் வேதனைதான் மனத்தில் தங்கியது. மறுமுறை படித்தபோது, வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அந்தச் சிறுமி என் கண்முன் வந்து நின்றாள். அவளிடமிருந்தே என் பதிலைத் தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அவளுடைய அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பல ஆண்டுகளாகப் பேசிவரும் எனக்கோ, அது அந்தக் குழந்தை உங்கள் மீது வைத்திருக்கும் நம்பிக்கையாகத் தெரிகிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். பல் விழுந்ததும் அவள் ஓடிவந்தது உங்களிடம். தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதைத் தாயின் முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிவும் அவளுக்கு இருந்திருக்கிறது. சொன்னால் ஏச்சு விழாது, அம்மா கேட்பாள் என்று தெரிந்த பிள்ளைக்கே அந்தத் துணிவு வரும். என் ஆலோசனை அறையில் நான் கவலைப்படும் பிள்ளைகள் வேறு விதமானவர்கள். கைபேசி உயர்ந்த கணத்திலேயே அழுகையைப் பாதியில் நிறுத்தி, தலையைச் சற்றே சாய்த்து, எப்போதும் ஒரே அளவில் இருக்கும் ஒரு புன்னகையை முகத்தில் பொருத்திக்கொள்வார்கள். படம் எடுத்தாகிவிட்டது என்று தெரிந்ததும் அந்தப் புன்னகை, விளக்கை அணைத்ததுபோல் போய்விடும். அவர்கள் எதையும் மறுப்பதில்லை. மறுத்துப் பயனில்லை என்பதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். உங்கள் மகள் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவள் உங்களோடு இன்னும் வாதாடுகிறாள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தச் சில நொடிகளில் என்ன நடந்தது என்பதை இன்னும் நெருங்கிப் பார்ப்போம். பிறந்து ஒன்பது மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் குழந்தைகள் ஒரு புதிய காரியத்தைச் செய்யத் தொடங்குகிறார்கள். பறவையையோ எரியும் விளக்கையோ விரலால் சுட்டிக் காட்டுகிறார்கள். சுட்டிய கையோடு திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பறவை தனக்கு வேண்டும் என்று குழந்தை கேட்பதில்லை, "நீயும் பார்த்தாயா?" என்றுதான் கேட்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே வந்துவிடும் கேள்வி இது. எட்டு வயதில் உங்கள் மகள் உள்ளங்கையில் பல்லை ஏந்திக்கொண்டு வந்ததும் இதே கேள்வியோடுதான். அவள் உங்கள் முகத்தில் எழப்போகும் வியப்பைப் பார்க்க வந்தாள். அந்த நேரத்தில் உங்கள் முகம் திரும்பிக்கொண்டது. மீண்டும் அவள் பக்கம் வந்தபோது, வெளிச்சம் போதுமா, கோணம் சரியா, படத்துக்கு மேல் என்ன எழுதலாம் என்னும் கணக்கு அதில் குடியேறியிருக்கும். வியப்புக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்லக் குழந்தைகளுக்குத் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் தம் சகாக்களோடு 1978-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. சில மாதங்களே ஆன குழந்தையோடு தாய் முதலில் இயல்பாகச் சிரித்து விளையாடுகிறாள். பிறகு, ஆய்வாளர் சொன்னபடி, எந்த உணர்ச்சியும் காட்டாத அசையாத முகத்தோடு குழந்தையையே பார்த்தபடி அமர்ந்திருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, திரும்பத் திரும்பத் தாயைத் தன் பக்கம் இழுக்க முயல்கிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தையும் உடலையும் அப்பால் திருப்பிக்கொள்கிறது. பார்க்கவே நெஞ்சு பதைக்கும் காட்சி அது. கைபேசியில் மூழ்கிய தாயின் முகமும் இப்படித்தான் என்று சொல்லி, இந்த ஆய்வின் இந்த ஒரு பாதியை மட்டும் காட்டித் தாய்மார்களை அச்சுறுத்தும் காணொளிகள் ஏராளமாக உலவுகின்றன. நீங்களும் அவற்றில் ஒன்றைப் பார்த்திருக்கக்கூடும்.

மறுபாதியை நான் சொல்லியாக வேண்டும். ட்ரோனிக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் பின்னர், இயல்பான, அன்பான தாய்-சேய் இணைகளை நொடி நொடியாகப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது பலருக்கும் வியப்பாக இருந்தது. நல்ல இணைகளில்கூட, தாயும் சேயும் ஒருவருக்கொருவர் ஒத்திசைந்திருந்த நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்ற நேரமெல்லாம் ஒருவர் பார்க்கும்போது மற்றவர் வேறெங்கோ பார்க்கிறார்; ஒருவர் விளையாட அழைக்கும்போது மற்றவருக்குக் களைப்பு. ஆனால் அந்த இணைகள் விலகிய சற்று நேரத்தில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டார்கள். அப்படி விலகுவதும் திரும்புவதும் ஆயிரம் முறை நடந்துதான் குழந்தைக்கு, "அம்மா போனாலும் வந்துவிடுவாள்" என்னும் நிச்சயம் பிறக்கிறது. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், 1953-இல் எழுதிய கட்டுரையில், குழந்தைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்ற கருத்தை முன்வைத்தார். தொடக்கத்தில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக இசைந்து, அது வளர வளர, அது தாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சிறிது சிறிதாகத் தவறும் தாயையே அவர் மனத்தில் வைத்திருந்தார்.

"நான் கெட்ட தாயா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதுதான் என் பதில். அதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு பார்வையைத் தவறவிட்டீர்கள். தவறவிட்டதைக் கண்டுகொண்டீர்கள். இன்னும் திரும்பிப் போய் அதை எடுத்துக்கொள்ளவில்லை. செய்ய வேண்டியது அந்த ஒன்றுதான். அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், மற்ற தாய்மார்கள் எல்லாம் சரியாகச் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றிச் சில வார்த்தை.

உயரத்தை அளக்க அளவுகோலும் எடையை அறியத் தராசும் இருக்கின்றன. அப்படி எந்த அளவுகோலும் இல்லாத காரியங்களில் மனிதர்கள் தங்களை அருகிலிருப்பவரோடு ஒப்பிட்டே மதிப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் உளவியலாளர் 1954-இல் விளக்கினார். தாய்மையைப்போல் அளவுகோலே இல்லாத வேலை வேறு எது? ஆகவே, ஒப்பிடுவது உங்கள் குணக்கேடு என்று வருந்த வேண்டாம். அது எல்லா மனிதருக்கும் உள்ளது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மாறிவிட்டது. அண்டை வீட்டுத் தாயோடு ஒப்பிட்டுக்கொண்ட காலத்தில், அவள் குழந்தையின் சிரிப்போடு அவள் வீட்டுச் சத்தமும் கேட்டது; தேய்க்காமல் கிடந்த பாத்திரமும் கண்ணில் பட்டது. இப்போதோ, ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்திலிருந்து அவள் தேர்ந்தெடுத்த பதினைந்து நொடிகளை, உங்கள் இருபத்து நான்கு மணி நேரத்தோடு எடைபோடுகிறீர்கள். இந்தத் தராசில் எந்தத் தாயும் தேறமாட்டாள். உங்கள் மகளின் படங்களைப் பார்த்து எத்தனை தாய்மார்கள் இதே பெருமூச்சை விட்டிருப்பார்கள் என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

போனை எடுத்தால் வைக்க முடிவதில்லை என்று வேறு பல தாய்மார்களும் எனக்கு எழுதுகிறார்கள். அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லாமல், விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டேயிருக்கும் திரையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். 'லைக்' எனப்படும் விருப்பக்குறி 2009-இல் ஃபேஸ்புக்கில் வந்தது. ஒவ்வொரு முறையும் கிடைத்துவந்த பரிசு நின்றுபோனால் உயிர்கள் முயற்சியை விரைவில் கைவிடுகின்றன, எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி கிடைத்துவந்தால் விடாமல் முயல்கின்றன என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் கொண்டு அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். ஒரு படத்துக்கு நூறு விருப்பம், அடுத்த படத்துக்கு ஆயிரம், அதற்கடுத்த படத்துக்கு முப்பது என்று வரும்போது, உங்கள் கை போனை நோக்கிப் போவதில் வியப்பில்லை. மகள் ஓடிவந்தபோது நீங்கள் யோசித்துப் போனை எடுக்கவில்லை. எட்டு ஆண்டுப் பழக்கம் எடுத்தது. பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியும். அதற்குக் குற்றவுணர்வு உதவாது. போன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மாற்றினால் உதவும்.

இனி, கணக்கை மூடுவது பற்றி. கோபத்திலோ குற்றவுணர்விலோ ஒரே இரவில் மூட வேண்டாம் என்பது என் கருத்து. முதலாவதாக, மறுநாள் காலையில் உங்கள் மகள் தான் சொன்ன ஒரு சொல்லால் அம்மாவுக்குப் பிடித்த ஒன்று பறிபோய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த முறை தனக்கு வேண்டாததைச் சொல்ல அவள் தயங்குவாள். குழந்தையின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும். அதன் தோளில் பெரியவர்களின் இழப்பை ஏற்றக் கூடாது.

இரண்டாவது காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கைக்குழந்தையோடு கழியும் இரவுகளின் தனிமை எத்தகையது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க எழுந்து, வீடு முழுவதும் உறங்கும்போது, குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் விழித்திருக்கும் பெண்ணுக்கு, "என் குழந்தையும் இப்படித்தான் அழுதது, பயப்படாதே" என்று எங்கிருந்தோ ஒருத்தி எழுதும் ஒரு வரி மருந்துக்குச் சமம். அந்தத் துணையைக் கைவிடும்படி நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் "இணையம்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதில் இரண்டு வேறு இடங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, சில தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் திண்ணை. மற்றொன்று, முன்பின் அறியாதவர்கள் வந்து பார்த்துப்போகும் காட்சிக்கூடம். திண்ணைக்கு உங்கள் மகளின் முகம் தேவைப்படவே இல்லை.

அங்கே பேசும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கதை யாருடையது? "மூன்று நாளாக நான் தூங்கவில்லை, எரிந்து விழுகிறேன்" என்பது உங்கள் கதை; எங்கு வேண்டுமானாலும் சொல்லலாம். "என் மகள் இன்னும் படுக்கையை நனைக்கிறாள்" என்பது அவளுடைய கதை; அதை ஒரு மருத்துவரிடமோ நெருங்கிய தோழியிடமோ சொல்லலாம், முகமும் பெயரும் தெரியும் இடத்தில் சொல்லக் கூடாது. இரண்டும் பின்னிக் கிடக்கும் கதைகளும் உண்டு. அத்தகையவற்றில், பதினைந்து வயதில் அவளோடு படிக்கும் ஒருவர் இதைப் படித்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கணவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதை வைத்து அவரை நான் மதிப்பிட மாட்டேன். ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பல குடும்பங்களில், பிள்ளைகளின் பிறந்தநாள், பள்ளி விழா, முதல் நடை என்று நினைவுகளைச் சேர்த்து வைக்கும் வேலை முழுவதும் தாயின் மேல் விழுகிறது. அந்தப் படங்களைப் பாட்டியும் அத்தையும் கேட்கிறார்கள், தந்தையும் அலுவலகத்தில் காட்டி மகிழ்கிறார். பிறகு ஒருநாள், "நீதான் எப்போதும் போனில் இருக்கிறாய்" என்ற பழியும் அதே தாயின் மேல் விழுகிறது. ஆகவே, கணக்கை மூடு என்று அவர் சொல்வதை, "நாம் இருவரும் இதை எப்படி மாற்றலாம்?" என்ற பேச்சாக மாற்ற முயலுங்கள். அவர் கைபேசியும் அந்தப் பேச்சில் சேர வேண்டும். பிள்ளைக்கு வேண்டியிருப்பது முகம்; திரைக்குப் பின்னால் மறைந்திருப்பது அம்மாவின் முகமா அப்பாவின் முகமா, அலுவலக வேலையா பொழுதுபோக்கா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

பகிர்ந்தவற்றை என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான சமூக வலைத்தளங்கள் 13 வயது நிரம்பாதவர்களுக்குக் கணக்கு தருவதில்லை. உங்கள் மகள் அந்த வயதை எட்டித் தன் பெயரில் முதல் பதிவை எழுதும்போது, அவளைப் பற்றிய 13 ஆண்டுகள் அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், எழுதியவர் நீங்கள். பிள்ளைகளின் அந்தரங்கத்தில் எவரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்றும், தன்னைப் பாதிக்கும் காரியங்களில் பிள்ளையின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்றும் 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகிறது. பிரான்ஸ் நாடு 2024-இல், பிள்ளையின் பட உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதையும் கலந்துகொள்ள வேண்டும் என்று சட்டமாகவே எழுதிவிட்டது. உங்கள் மகள் இவை எதையும் படித்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அவள் கேட்டதும் இதைத்தான்.

முதலில் எல்லாப் படங்களையும் உங்கள் சொந்தச் சேமிப்பில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை உங்கள் குடும்பத்தின் நினைவுகள், அழிய வேண்டியதில்லை. அடுத்து, கணக்கை அறிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிட்டு, அறியாதவர்களை நீக்குங்கள். அதன் பிறகு, மகளைக் கேட்காமலேயே நீக்க வேண்டிய சில உண்டு: குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் எடுத்தவை, நோயில் கிடந்தபோது எடுத்தவை, அழுதபோதும் திட்டு வாங்கியபோதும் வேடிக்கையாக எடுத்தவை, பள்ளியின் பெயரோ வீட்டின் இருப்பிடமோ தெரிபவை, முழுப் பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்து இருப்பவை. கைபேசியில் எடுக்கும் படத்தோடு, எடுத்த இடமும் சேர்ந்தே பதிவாகக்கூடும். கேமராவின் அமைப்புப் பகுதிக்குப் போய் இடப்பதிவை நிறுத்திவிடுங்கள். உறவினர்கள் தங்கள் பக்கங்களில் போட்டிருக்கும் படங்களையும் நினைவில் வைத்துக் கேளுங்கள்; அது சங்கடமான பேச்சுதான், ஆனால் "மகள் விரும்பவில்லை" என்பதைவிடப் பொறுப்பை நீங்கள் ஏற்று, "நாங்கள் இப்படி முடிவு செய்திருக்கிறோம்" என்று சொன்னால் அவள் மீது யாருக்கும் மனவருத்தம் வராது.

மீதமுள்ள படங்களை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஒரு நேரத்தில் இருபது, முப்பது படங்கள் போதும். சிலவற்றைப் பார்த்து அவள் சிரிப்பாள், கதை கேட்பாள். சிலவற்றைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குத் தள்ளப் பார்ப்பாள். அந்த மௌனத்தைக் கவனியுங்கள். அவள் நீக்கச் சொல்வது உங்களுக்கு மிகப் பிடித்த படமாகவும் இருக்கலாம். காரணம் கேட்காமல் நீக்குங்கள். இங்கே என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு: எட்டு வயதுக் குழந்தையின் "வேண்டாம்" முழுமையானது, அதன் "சரி" பாதிதான். அம்மாவை மகிழ்விக்கவே பல நேரம் அது "சரி" என்று சொல்லும். பதினைந்து வயதில் தான் யாராக இருப்போம் என்று கற்பனை செய்யவும் அதனால் முடியாது. மீதிப் பாதியை, அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் சார்பாக, நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நீக்கியதெல்லாம் அழிந்துவிடும் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எவராவது ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தால் அதை நம்மால் திரும்பப் பெற முடியாது. அவள் கேட்டால், "நம்ம கையில இருக்கறதை எடுத்துட்டோம், வேற யாராவது வெச்சிருந்தா நமக்குத் தெரியாது, ஆனா இனிமே உன்னைக் கேக்காம போடமாட்டேன்" என்று உண்மையையே சொல்லுங்கள்.

இரண்டு வயது மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 முதல் 4 வயது வரை திரை முன் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா கூலும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள், நேரில் ஒருவர் விளையாடியபடி பேசியபோது ஓர் அந்நிய மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே நபர் அதே மொழியைத் திரையில் பேசியபோது எதையும் கற்கவில்லை. உங்கள் மகனுக்கு அக்காவைப்போல் வாக்கியம் அமைத்துப் பேசத் தெரியாது. ஆனால் அவன் வயதுப் பிள்ளைகள், தாய் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மடியில் ஏறி, இரு கைகளாலும் அவள் தாடையைப் பிடித்துத் தங்கள் பக்கம் திருப்புவார்கள். அவன் அப்படிச் செய்தால், அக்கா சொன்னதையே அவனும் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது, தவறவிட்ட அந்தப் பார்வைக்குத் திரும்புவது பற்றி. இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாமல், இன்று இரவே, அவள் படுக்கையில் சாய்ந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். உங்கள் கைகள் இரண்டும் காலியாக இருக்கட்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். "அன்னைக்கு நீ பல்லைக் காட்ட ஓடிவந்தே. நான் உன்னைப் பாக்காம போனை எடுக்கப் போயிட்டேன். அது தப்பு. நீ சொன்னது சரிதான். இப்போ எனக்கு மட்டும் காட்டுறியா?" இவ்வளவு போதும். "நான் கெட்ட அம்மா" என்று சொல்லி அழுதுவிடாதீர்கள். பெரியவர்கள் அப்படி அழும்போது, காயப்பட்ட குழந்தையே தேற்ற வேண்டியவளாகிவிடுகிறாள். அவள் உடனே எழுந்து பல்லை எடுத்துவந்து காட்டலாம். "வேண்டாம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டாவது நடந்தால், "சரி, உனக்குத் தோணும்போது காட்டு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டொரு நாளில், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பொருளைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்துவிடுவார்கள்.

அதன் பிறகு வீட்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவர முயலுங்கள். எதைக் காட்ட அவள் வந்தாலும் முதலில் கண்ணால் பாருங்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். படம் எடுக்கத் தோன்றினால், "எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். எடுத்த பின், "யாருக்காவது காட்டலாமா?" என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே கேள்வியாக்கிவிட்டதில்தான் நம்மில் பலரும் வழுக்கி விழுந்தோம்; எடுத்த படம் என்றாலே போட வேண்டிய படம் என்று ஆகிவிட்டது. அவள் பள்ளியிலிருந்து வந்த முதல் கால் மணி நேரம் உங்கள் போன் எங்கே இருக்க வேண்டும் என்று ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். கைக்கெட்டாத இடமாக, ஒரு அலமாரியின் மேல்தட்டாக, அது இருக்கட்டும். நாள் முழுவதும் போனைத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தால் மூன்றாம் நாள் உடைந்துவிடும். கால் மணி நேரம் நிற்கும்.

உங்கள் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகளோடு பேசிய பிறகு அது தானே சீராகிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியின்றி, இரண்டு வாரங்களுக்கு மேலும் தூக்கமின்மையோ, எதிலும் மனம் ஒட்டாத சோர்வோ, எதற்கும் லாயக்கற்றவள் என்ற எண்ணமோ நீடித்தால், தயங்காமல் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ நேரில் பாருங்கள். அது சிகிச்சைக்கு உட்பட்ட நிலை; நல்ல தாய், கெட்ட தாய் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

பால் பற்கள் மொத்தம் இருபது. எட்டு வயதில் முன்பற்கள் விழுந்து முடியும் தறுவாயில் இருக்கும். பிறகு சில காலம் இடைவெளி விட்டு, ஒன்பது, பத்து வயதில் மீண்டும் ஆடத் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குள் மற்றவையும் விழுந்துவிடும். ஆகவே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அவள் வரப்போகும் நாட்கள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒரு நாள், "அம்மா, இதைப் படம் எடு" என்று அவளே கேட்கலாம். எடுங்கள். எடுத்ததை முதலில் அவளிடம் காட்டி, யாருக்கு அனுப்பலாம் என்று கேளுங்கள். பாட்டிக்கு மட்டும் என்று அவள் சொன்னால், பாட்டிக்கு மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்பநல ஆலோசகர்